முதுகில் சுமக்கும் சமையலறை: நீண்ட நடைக்கு எடை குறைந்த சாப்பாடு பற்றி வேலூர்ப் பக்கத்து நடைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

ஜவ்வாது மலையில் இரண்டு மூன்று நாள் பையை மாட்டிக்கொண்டு நடக்கிறவர்கள், வேலூரிலிருந்து திருப்பதிக்குப் பாதயாத்திரை கிளம்புகிறவர்கள், காட்பாடியில் ரயிலேறி இமயமலைப் பக்கம் போகிறவர்கள் என்று எல்லோரும் முதலில் கேட்பது சாப்பாட்டைப் பற்றித்தான். ஷூவும் பையும் கடையில் கிடைத்துவிடும். சாப்பாட்டை நாமே யோசித்துத் தயார் பண்ண வேண்டும். அப்படி அடிக்கடி வரும் கேள்விகளும், எனக்குச் சரியென்று பட்ட பதில்களும் கீழே.

ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு எடுத்துக்கொள்ள வேண்டும்?

உலர்ந்த பொருளாக 600 முதல் 700 கிராம். பையோடு மலையில் நாள் முழுக்க நடந்தால் உடம்பு 3000 கலோரிக்கு மேல் கேட்கும். இரண்டு மூன்று நாள் நடையில் கொஞ்சம் குறைந்தாலும் ஒன்றும் ஆகாது, உடம்பு சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் நடப்பவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு கறாராகப் பொருந்தும். அமெரிக்காவில் ஏறக்குறைய 3500 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பலாச்சியன் பாதையை மாதக்கணக்கில் நடப்பவர்கள் நாளுக்கு ஒரு கிலோ வரைகூடத் தூக்குகிறார்கள். அவர்களும் மொத்தத்தையும் முதல் நாளே கட்டிக்கொண்டு கிளம்புவதில்லை. நாலைந்து நாளுக்கு ஒருமுறை பாதையோர ஊரில் இறங்கி நிரப்பிக்கொள்கிறார்கள்.

எந்தப் பொருளில் எடை குறைவு, சக்தி அதிகம்?

மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9 கலோரி. இது தெரிந்தால் போதும், மீதியைச் சமையலறை அலமாரியே சொல்லிவிடும். 100 கிராமுக்குத் தோராயமாகப் பார்த்தால் நல்லெண்ணெயும் நெய்யும் 900 கலோரி, கொப்பரை 650, மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் எள்ளும் 570, வெல்லம் 380, பொட்டுக்கடலை 370, அவல் 350. வடித்த சோறோ 130தான். சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். இட்லியும் அப்படியே.

ஆக, வீட்டில் தண்ணீரை எடுத்துவிடுவதும், போகிற இடத்தில் திரும்பச் சேர்ப்பதும்தான் வேலை. பொடி, வற்றல், அவல், மாவு, உருண்டை எல்லாம் அந்த வேலை ஏற்கெனவே முடிந்த பண்டங்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து உறையவைத்து உலர்த்திய வெளிநாட்டுச் சாப்பாட்டுப் பாக்கெட் வாங்குவதற்கு முன்னால் மளிகைக் கடைக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

புளிச்சோறோ தயிர்ச்சோறோ கட்டிக்கொண்டு போனால் ஆகாதா?

முதல் நாள் மதியத்துக்குத் தாராளமாக ஆகும். காலையில் கிண்டிய புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு இரண்டும் புளிப்பினால் கொஞ்சம் தாங்கும். நல்லெண்ணெய் தூக்கலாக இருக்கட்டும், தேங்காய் வேண்டாம். வெயில் காலத்தில் தயிர்ச்சோறு மதியத்துக்குள் புளித்துவிடும். சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் அடுத்த நாள் காலை வரை வரும்.

அதற்கு மேல் இழுக்காதீர்கள். பேசில்லஸ் சீரியஸ் என்றொரு கிருமி உண்டு. அரிசியை வேகவைத்தாலும் அதன் விதைத்துகள் சாகாது. வெதுவெதுப்பான சோற்றில் அது பெருகி நஞ்சு கக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. வேலூர் மே மாத வெயிலில் பைக்குள் இருக்கும் டப்பா எப்போதும் வெதுவெதுப்புதான். காட்டுக்குள் வாந்தி வந்தால் தூக்கிக்கொண்டு வர ஆள் வேண்டும்.

முட்டையும் அப்படித்தான். அவித்த முட்டை முதல் நாள் காலையோடு சரி.

அடுப்பு கொண்டுபோகலாமா?

எங்கே நடக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஜவ்வாது, ஏலகிரி, அமிர்தி எல்லாமே வனத்துறை காடுகள் சூழ்ந்த இடங்கள். காட்டுக்குள் நடக்க அனுமதி வாங்க வேண்டும், தீ மூட்டக் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் டிரெக்கிங் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தார்கள். அதன் பிறகு அதே ஆண்டு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. நம் பக்கத்துக் காடு இலையுதிர் காடு. பிப்ரவரி தாண்டினால் கீழே கிடப்பதெல்லாம் சருகும் காய்ந்த புல்லும்தான், ஒரு பொறி போதும். ‘சின்ன அடுப்புதானே’ என்று யாராவது சொன்னால் அவரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

ஜவ்வாது மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் மாதிரி ஊரில் அறை எடுத்துத் தங்கி, பகலில் நடந்துவிட்டுத் திரும்புவதாக இருந்தால் சுடுதண்ணீர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நல்ல பிளாஸ்க் ஒன்று இருந்தால் காலையில் நிரப்பியது மதியம் வரை சூடாக இருக்கும். பிளாஸ்க்கின் எடை கூடுதல்தான், ஆனால் அடுப்பு, கேஸ், பாத்திரம், காற்றுத் தடுப்பு என்று கூட்டிப் பார்த்தால் பிளாஸ்க் ஜெயிக்கும்.

ரயிலில் கேஸ் டப்பாவும் அடுப்பும் கொண்டுபோக அனுமதி இல்லை. இமயமலை போகிறவர்கள் கேஸை அங்கே இறங்கித்தான் வாங்க வேண்டும்.

அடுப்பே இல்லாமல் மூன்று நாள் ஓட்ட முடியுமா?

ஓட்டலாம். அதற்கென்றே பிறந்த பொருள் அவல். நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துத் தட்டையாக்கியது என்பதால் அது பாதி வெந்த பண்டம். பச்சைத் தண்ணீரில் ஊறினாலே சாப்பிடலாம். மெல்லிய அவல் ஐந்து நிமிடம், கெட்டி அவல் இருபது நிமிடம். பைக்குள் மெல்லிய அவல் நொறுங்கித் தூளாகிவிடும், அதனால் கெட்டியே வாங்குங்கள். சிவப்பரிசி அவலுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கூட வேண்டும், ருசியும் கூடத்தான்.

வெறும் அவலும் வெல்லமும் இரண்டாம் நாளே அலுத்துவிடும். அதற்குப் புளி அவலை வீட்டிலேயே தயார் செய்துவிடலாம். கெட்டி அவல் அரைக் கிலோவை மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்டு ரவையைவிடக் கொஞ்சம் பெரிதாக உடைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்து, உப்பும் மஞ்சள்தூளும் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். அதை அவலில் தெளித்துத் தெளித்துப் பிசிற வேண்டும். அவல் ஈரமாகலாம், குழையக் கூடாது. பிறகு தட்டில் பரப்பி மொட்டை மாடியில் ஒரு நாள் வெயில் காட்டினால் மறுபடியும் கரகரவென்று ஆகிவிடும். ஒரு மணியை வாயில் போட்டால் புளிப்பும் உப்பும் ஏறியிருப்பது தெரியும்.

தாளிப்பைத் தனியாகச் செய்யுங்கள். கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் எல்லாம் வழக்கம்போல. மல்லாட்டை நிறையப் போடலாம். கறிவேப்பிலையைக் கையால் நொறுக்கினால் பொடியாகும் அளவுக்கு வறுக்க வேண்டும், அதில் ஈரம் இருந்தால் மொத்தமும் வீணாகும். ஆறியதும் தனிப் பொட்டலம். சாப்பிடும் இடத்தில் ஒரு டம்ளர் அவலுக்கு முக்கால் டம்ளர் தண்ணீர் விட்டு மூடி வைத்து, இருபது நிமிடம் கழித்துத் தாளிப்பையும் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயையும் கலந்தால் முடிந்தது. கிளறிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை, அந்த இருபது நிமிடம் காலை நீட்டி உட்காரலாம்.

அப்புறம் பொட்டுக்கடலை மாவு. பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுபட்டது, அதனால் பச்சைத் தண்ணீரில் கரைத்தே குடிக்கலாம். உப்பு, சீரகத்தூள், எலுமிச்சை போட்டால் ஒரு வகை. வெல்லத்தூள், ஏலக்காய், பால் பவுடர் போட்டால் இன்னொரு வகை. கடையில் விற்கும் சத்துமாவை இப்படி நம்பிக் கரைத்துவிடாதீர்கள். பெரும்பாலானவை காய்ச்சிக் குடிப்பதற்காக அரைத்தவை, பச்சையாகக் குடித்தால் வயிறு உப்பும்.

சோற்றைக் காயவைத்துக் கொண்டுபோகிறார்களாமே, அது எப்படி?

அவல் மூன்று வேளையும் இறங்காதவர்களுக்கு இது நல்ல வழி. ஒருமுறை வெந்த அரிசி என்பதால் சுடுதண்ணீர் ஊற்றி மூடினால் கால் மணி நேரத்தில் சோறாகிவிடும், மறுபடியும் வேகவைக்க வேண்டாம்.

பொன்னிப் புழுங்கல் நன்றாக வருகிறது. சீரகச் சம்பா ஊறினால் வாசனையாக இருக்கும், ஆனால் மணி சின்னது என்பதால் சட்டென்று குழையும். எதுவானாலும் குழையவிடாமல், ஒரு பதம் முன்னாலேயே வடியுங்கள். எண்ணெய், நெய் எதுவும் சேர்க்கக் கூடாது. எண்ணெய் பட்ட சோறு சரியாகக் காயாது, சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். வடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை அலசிக் கஞ்சிப் பசையைப் போக்குங்கள். அலசாமல் பரப்பினால் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும், கட்டிக்குள் ஈரம் தங்கும்.

வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து மாடியில் விரித்து, அதன் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்ப வேண்டும். இதில் கஞ்சத்தனம் கூடாது, கால் கிலோ அரிசிச் சோற்றுக்கே அரை வேட்டி பிடிக்கும். மேலே கொசுவலைத் துணி போட்டு நாலு மூலையிலும் கல் வைத்துவிடுங்கள், காக்கைக்கும் ஈக்கும் சேர்த்து. காலை ஒன்பது மணிக்குள் பரப்பிவிட்டால் மதியத்துக்குள் மேல்புறம் தோல் கட்டும். அப்போது கையால் அளைந்து உதிர்த்துவிடுங்கள். சாயங்காலம் கண்ணாடி மாதிரி அரைகுறையாக ஒளி ஊடுருவும் மணிகளாக இருக்கும். இரவில் உள்ளே எடுத்துவிட்டு, மறுநாளும் ஒரு வெயில் காட்டுங்கள். பல்லில் வைத்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும், வளையக் கூடாது.

பிறகு ஒரு சோதனை. கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடி ஒரு நாள் வைத்துப் பாருங்கள். உள்பக்கம் ஆவி படிந்தால் இன்னொரு வெயில் தேவை.

வடகம் போடுகிற காலம் எதுவோ அதுவே இதற்கும் காலம். மார்ச் முதல் மே வரை வேலூர் வெயில் இந்த ஒரு விஷயத்தில் வரப்பிரசாதம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை மூட்டத்தில் இதைச் செய்யாதீர்கள். ஈரச் சோறு மணிக்கணக்கில் மந்தமான சூட்டில் கிடந்தால் மேலே சொன்ன கிருமிக்குத்தான் விருந்து. டிஹைட்ரேட்டர் என்கிற உலர்த்தும் கருவி இருப்பவர்கள் 60 டிகிரிக்கு வைத்தால் மழைக்காலத்திலும் செய்யலாம்.

சாப்பிடும்போது ஒரு டம்ளர் காய்ந்த சோற்றுக்கு ஒன்றேகால் டம்ளர் கொதிநீர். பச்சைத் தண்ணீரிலும் ஊறும், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நடுவில் நறநறப்பு இருக்கும். ஊறிய பிறகு உடனே சாப்பிட்டுவிட வேண்டும்.

குழம்புக்கு என்ன செய்வது?

குழம்பை மறந்துவிட்டுப் பொடிக்கு வாருங்கள். பருப்புப் பொடியும் நல்லெண்ணெயும் இருந்தால் சோறு இறங்கும். கறிவேப்பிலைப் பொடி, எள்ளுப் பொடி இரண்டும் நன்றாகத் தாங்கும். தேங்காய்ப் பொடி சீக்கிரம் சிக்கு அடித்துவிடும், நாலைந்து நாளுக்கு மேல் நம்ப வேண்டாம்.

புளிக்காய்ச்சல் ஈரப் பொருள்தான் என்றாலும் எடைக்குத் தகுந்த பலன் தரும். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை சுண்டவைத்தால் வெளியிலேயே ஒரு வாரம் நிற்கும். சின்னத் திருகுமூடி டப்பாவில் அடைத்து, அந்த டப்பாவை இன்னொரு பைக்குள் வையுங்கள். புளிக்காய்ச்சல் கசிந்தால் தூங்கும் பையிலிருந்து அந்த வாசனையைப் போக்கவே முடியாது.

பருப்பு வேண்டுமென்றால் துவரம்பருப்பைக் குழைய வேகவைத்து, தட்டில் மெல்லிசாகத் தடவிக் காயவைத்து, மிக்ஸியில் பொடித்துக்கொள்ளலாம். சுடுதண்ணீர், ரசப்பொடி, கொஞ்சம் காய்ந்த தக்காளித் தூள் சேர்த்தால் குளிர்ந்த இரவில் பருப்பு ரசம் தயார்.

காய்கறி?

இரண்டு மூன்று நாளுக்குக் காய் இல்லாவிட்டால் குடி முழுகாது. ஆசைப்பட்டால் கத்தரி வற்றல், கொத்தவரை வற்றல், சுண்டை, மணத்தக்காளி எதையாவது வீட்டிலேயே வறுத்து எடுத்துப் போங்கள். வறுக்காத வற்றலால் காட்டில் பயனில்லை. மோர் மிளகாய் நாலு, ஒருவருக்குப் போதும். முள்ளுக் கத்திரிக்காயை அப்படியே பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிற ஆட்களும் உண்டு. அது அவர்கள் தோளுக்கும் அவர்களுக்கும் உள்ள விஷயம்.

கறி, மீன் இல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. வழி உண்டா?

உப்புக்கண்டம். கொழுப்பில்லாத கறியை உப்பும் மஞ்சளும் தடவி வற்றக் காயவைத்தது. அதைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. கிளம்பும் முன் தட்டி, எண்ணெயில் நன்றாக முறுக வறுத்து, ஆறவைத்துக் கட்டுங்கள். நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, மண் போக அலசி, ஈரம் போக வறுத்து, காய்ந்த மிளகாய், பூண்டோடு பொடித்தால் ஒரு ஸ்பூன் போதும், ஒரு டம்ளர் சோறு போய்விடும். ஆனால் கருவாட்டு வாசனைக்கு நாயும் நரியும் வரும். ராத்திரி கூடாரத்துக்குள் அதை வைத்துக்கொள்ளாதீர்கள். ஜவ்வாதில் கரடி நடமாட்டமும் உண்டு என்பதால் காட்டுக்குள் தங்குகிறவர்களுக்கு நான் கருவாட்டைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஆம்பூர் பிரியாணி இறங்கி வந்த பிறகு.

கேழ்வரகு களியும் கூழும் சாப்பிட்டு வளர்ந்த ஊர் நம்முடையது. அதை எடுத்துப்போக முடியாதா?

களியாகக் கிண்டி எடுத்துப்போனால் எடை. மாவாக எடுத்துப்போனால் அடுப்பு வேண்டும், அதுவும் நின்று துழாவ வேண்டும். நடுவழி ஒன்று உண்டு. கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து வறுத்து அரைத்த மாவைக் கொதிநீரில் கரைத்து, பிளாஸ்க்கில் ஊற்றி மூடி வைத்தால் கொஞ்சம் வெந்து கஞ்சிப் பதம் வரும். அடுப்பில் காய்ச்சிய கஞ்சிக்கு ஈடாகாது. அதைவிட, கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு மெல்லிசாகத் தட்டிய அடையை முதல் நாள் காலைக்குக் கட்டிக்கொள்ளுங்கள்.

ஜவ்வாது மலையில் சாமை விளைகிறது. மலையிலேயே வாங்கலாம், தேனும் கிடைக்கும். சாமையைச் சோறு மாதிரியே வடித்துக் காயவைக்கலாம். மணி சின்னது என்பதால் ஒரே நாளில் காயும், ஊறவும் சீக்கிரம்.

நூடுல்ஸ், ஓட்ஸ், ‘ரெடி டு ஈட்’ பாக்கெட்?

நூடுல்ஸ் பரவாயில்லை. எண்ணெயில் பொரித்தது என்பதால் எடைக்கு நல்ல சக்தி, உப்பும் இருக்கிறது. பையில் இடத்தை அடைக்கும், உடைத்து அடைத்தால் தீர்ந்தது. ஓட்ஸ் பச்சைத் தண்ணீரிலேயே ஊறும், பிடித்தவர்கள் எடுத்துப் போகலாம். ‘ரெடி டு ஈட்’ என்று விற்கும் ஈரக் குழம்பு பாக்கெட்டுகள் கால் கிலோவுக்கு மேல் கனக்கும், பாதிக்கு மேல் தண்ணீர். அவை கார் பயணத்துக்கானவை. சுடுதண்ணீர் ஊற்றும் உப்புமா, பொங்கல் பாக்கெட்டுகள் எடையில் நல்லவை, விலையில் கொஞ்சம் அதிகம்.

மூன்று நாளுக்கு ஒரு மாதிரிக் கணக்கு சொல்லுங்களேன்.

ஒரு நாளைக்கு, ஓர் ஆளுக்கு: அவல் 150 கிராம், காய்ந்த சோறு 150, மல்லாட்டை 100, பொட்டுக்கடலை மாவு 80, கடலை உருண்டை 60, பருப்புப் பொடி 40, எண்ணெயும் நெய்யுமாக 40, பால் பவுடர் 25. கூட்டினால் 645 கிராம், ஏறத்தாழ 2800 கலோரி. மூன்று நாளுக்கு இரண்டு கிலோவுக்குள் அடங்கும்.

காலையில் புளி அவல். நடக்கும்போது மணிக்கொரு தரம் ஒரு கைப்பிடி மல்லாட்டையோ ஓர் உருண்டையோ. மதியம் பெரிதாக உட்கார்ந்து சாப்பிடாமல் மாவுக் கரைசலும் நொறுக்குத் தீனியுமாக ஒப்பேற்றிவிட்டு, சாயங்காலம் தங்கும் இடத்தில் சோறு. மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏற்றத்தில் நடப்பது தண்டனை. பொரிவிளங்காய் உருண்டை செய்யத் தெரிந்த பாட்டி வீட்டில் இருந்தால் கேட்டு வாங்குங்கள். பல் உடையும் என்று கேலி பேசுவார்கள், ஆனால் பையில் எந்த அழுத்தத்துக்கும் நொறுங்காது, கெடாது, ஒன்றை அரை மணி நேரம் அதக்கிக்கொண்டே நடக்கலாம்.

இந்தக் கணக்கில் எண்ணெயைத்தான் பலர் வெட்டுகிறார்கள். அதை மட்டும் வெட்டாதீர்கள், 40 கிராமில் 360 கலோரி வேறு எதிலும் கிடைக்காது.

தண்ணீர் எவ்வளவு? ஓடைத் தண்ணீரைக் குடிக்கலாமா?

நடக்கும்போது குடிக்க மட்டுமே நாளுக்கு மூன்று நாலு லிட்டர், வெயிலில் இன்னும் கூட. அவல், சோறு ஊறவைக்க இன்னொரு முக்கால் லிட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. பையில் கனமான பொருள் தண்ணீர்தான். அதனால் அடுத்த தண்ணீர் எங்கே என்று தெரிந்துகொண்டு, அந்த இடத்திலேயே சாப்பாட்டை வைத்துக்கொள்வது நல்லது. கோடையில் ஜவ்வாது ஓடைகள் பல வற்றிவிடும், பீமன் அருவியே நூலாகத்தான் இருக்கும். ஊர்க்காரர்களைக் கேட்காமல் வரைபடத்தை நம்பி இறங்காதீர்கள்.

மலை ஓடைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் விட வேண்டும். கொதிக்கவைக்க வசதி இருந்தால் தளதளவென்று ஒரு நிமிடம்.

கீழே பாலாற்றுப் பக்கம் கதை வேறு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல் பதனிடும் கழிவு நிலத்தடி நீரில் இறங்கியிருக்கிறது. உச்ச நீதிமன்றம் 1996இல் இதற்கென்றே தீர்ப்புச் சொன்னது. அந்த உப்பும் குரோமியமும் கொதிக்கவைத்தாலும் போகாது, மாத்திரைக்கும் கட்டுப்படாது. அந்த வட்டாரத்தில் வயல் கிணற்றைப் பார்த்ததும் பாட்டிலை நீட்டாமல், கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள்.

வியர்த்துக் கொட்டித் தலை சுற்றினால்?

உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இரண்டு கட்டாயம் பையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்து உப்பைச் சேர்க்காமல் விடுவதும் ஆபத்துதான். ஊறுகாய், மோர் மிளகாய், உப்புப் போட்ட மல்லாட்டை எல்லாம் அந்த வகையிலும் உதவும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் கிளம்பும் முன் மருத்துவரிடம் பேசி, சாப்பாட்டு நேரத்தையும் மருந்தளவையும் சரிசெய்துகொள்ளுங்கள். நாள் முழுக்க நடந்தால் சர்க்கரை இறங்கும்.

திருப்பதி பாதயாத்திரைக்கும் இவ்வளவு கட்ட வேண்டுமா?

வேண்டாம். சித்தூர் வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல் நடை என்றாலும் அது சாலை. டீக்கடை, ஓட்டல் வந்துகொண்டே இருக்கும், புரட்டாசியில் வழிநெடுக அன்னதானமும் உண்டு. ஒரு நாளுக்கான அவல், உருண்டை, உப்புச் சர்க்கரைப் பாக்கெட், தண்ணீர் பாட்டில் போதும். வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் நடக்கும் கூட்டத்தோடு போகிறவர்களுக்குத்தான் கையில் தீனி அவசியம், அந்த நேரத்தில் கடை இருக்காது. அன்னதானச் சோறு சூடாக இருந்தால் சாப்பிடுங்கள். காலையில் வடித்ததை மாலையில் கொடுத்தால் கும்பிட்டுவிட்டு நகருங்கள்.

இமயமலைப் பக்கம் போகும்போது எதை மாற்ற வேண்டும்?

ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீர் கொதிக்கும் சூடு இறங்கும். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கும் 725 மீட்டர் உயரத்தில் இதனால் வித்தியாசமே தெரியாது. 3500 மீட்டரில் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், பச்சைப் பருப்பு வேகவே வேகாது. அங்கே முன்பே வேகவைத்துக் காயவைத்த சோறும் பருப்பும் உண்மையான லாபம். குளிரில் நல்லெண்ணெய் கெட்டியாகும், நெய் கல்லாகும். அகல வாய் டப்பாவில் வைத்தால் ஸ்பூனால் சுரண்டலாம். உயரத்தில் பசி மந்தமாகும் என்பதால் காரமும் புளிப்பும் தூக்கலாக இருக்கட்டும். சப்பென்று இருக்கும் எதுவும் தொண்டையில் இறங்காது.

பொட்டலம் எப்படிக் கட்டுவது? குரங்குத் தொல்லை வேறு.

வேளைக்கு ஒன்றாகக் கட்டி, மேலே ‘இரண்டாம் நாள் காலை’ என்று எழுதிவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே பெரிய பையில் போட்டால் முதல் நாளே நல்லதெல்லாம் தீர்ந்து, கடைசி நாளுக்கு வெறும் பொடி மிஞ்சும். ஜிப் பைகளைக் கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்து தடை இருக்கிறது. சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொண்டால் அவல் நடுரோட்டில் நிற்கும்.

குரங்குக்குத் தெரிந்த ஒரே விஷயம், கையில் தொங்கும் கவர் என்றால் தீனி. நடக்கும்போது சாப்பிடுவதைச் சட்டைப்பையில் வையுங்கள், கவரை வெளியே காட்டாதீர்கள். பிடுங்க வந்தால் போட்டிபோட்டு இழுக்காதீர்கள், கடித்தால் நாய்க்கடிக்குப் போடும் அதே ஊசிதான். வெறும் உறைகளையும் எலுமிச்சைத் தோலையும் கீழே கொண்டுவந்து போடுங்கள்.

காய்ந்த சோறு மிஞ்சிவிட்டால்?

காற்றுப் புகாத டப்பாவில் ஒரு மாதம் இருக்கும். அதற்குள் அடுத்த நடை அமையவில்லை என்றால் நன்றாகக் காய்ந்த எண்ணெயில் ஒரு பிடி போடுங்கள், பொரி மாதிரி உப்பி மேலே வரும். உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, வறுத்த மல்லாட்டை கலந்தால் சாயங்கால டீக்கு ஆகிவிடும்.